குளோனிங் வேறு, மரபணு மாற்றம் வேறு: பள்ளி ஆய்வுத் திட்டம் எழுதுவோருக்கு ஒரு விளக்கம்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஆய்வுத் திட்டத்துக்கு விரும்பி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று, விலங்குக் குளோனிங்கும் மரபுப் பொறியியலும். திட்ட நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் டாலி ஆடு இருக்கும். அடுத்த பக்கத்தில் ஒளிரும் வண்ண மீன், அதற்கடுத்து இன்சுலின் குப்பி. மூன்றும் ஒரே தொழில்நுட்பத்துக்கு மூன்று உதாரணங்கள் போல வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும்.

ஆனால் டாலியின் உடலில் ஒரு மரபணுவைக்கூட யாரும் மாற்றவில்லை. ஒளிரும் மீன் எந்த மீனின் நகலும் இல்லை. மனித இன்சுலினை உருவாக்கியது விலங்கே கிடையாது, பாக்டீரியா.

2025 ஏப்ரலில் இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் இல்லாத 'டயர் ஓநாய்' திரும்பப் பிறந்துவிட்டது என்று அமெரிக்காவின் கொலாசல் பயோசயின்சஸ் நிறுவனம் அறிவித்தது. வெள்ளைக் குட்டிகளின் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. "எலும்பிலிருந்து குளோன் செய்தார்கள்" என்று சிலர் எழுதினார்கள். "மரபணு மாற்றிய ஓநாய்" என்று சிலர். எது சரி என்று சொல்ல, முதலில் செல்லுக்குள் போக வேண்டும்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

ஒரு விலங்கின் உடல், கோடானுகோடி செல்களால் ஆனது. பெரும்பாலான செல்களில் உட்கரு உண்டு. உட்கருவுக்குள் குரோமோசோம்கள், அவற்றில் சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறு டிஎன்ஏ. அந்த டிஎன்ஏவில், ஒரு புரதத்தை உருவாக்கத் தேவையான தகவலைத் தாங்கும் பகுதியை மரபணு என்கிறோம். ஒரு உயிரியின் மொத்த டிஎன்ஏ தகவலும் சேர்ந்தது ஜீனோம்.

குளோனிங்கைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. விந்தும் முட்டையும் பாதி குரோமோசோம்களையே சுமக்கின்றன. மற்றவை உடல செல்கள்: தோல், மடி, தசை என்று எல்லாமே. ஒவ்வொரு உடல செல்லின் உட்கருவிலும் முழு விலங்குக்கான தகவலும் இருக்கிறது. மடிச் செல்லில் பால் புரதத்துக்கான மரபணுக்கள் இயங்கும். அதே மரபணுக்கள் தசைச் செல்லிலும் உண்டு, ஆனால் அங்கே வேதிக் குறிகளால் மூடப்பட்டிருக்கும். ஒரு செல் மடியாகவோ தசையாகவோ இருப்பது இந்தக் குறிகளால்தான்.

2. உட்கருவுக்கு வெளியேயும் கொஞ்சம் டிஎன்ஏ இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது முட்டை வழியாக, அதாவது தாய் வழியாகவே வருகிறது.

மூடப்பட்ட மரபணுக்களை மறுபடி திறக்க முடியுமா என்பதுதான் குளோனிங்கின் மூலக் கேள்வி. 1962-ல் இங்கிலாந்தின் ஜான் கர்டன், தவளையின் முட்டையிலிருந்த உட்கருவைச் செயலிழக்கச் செய்து, தலைப்பிரட்டையின் குடல் செல் உட்கருவை அங்கே வைத்தார். சில முட்டைகள் வளர்ந்தன. முட்டையின் உட்பொருளுக்குப் பழைய குறிகளை அழித்து, உட்கருவை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் திறன் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்காகவே அவருக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. தவளையில் நடந்தது பாலூட்டியில், அதுவும் வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து நடக்க மேலும் 34 ஆண்டுகள் ஆயின.

குளோனிங்: மாற்றாமல் நகலெடுப்பது

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகில் உள்ள ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில், 1996 ஜூலை 5 அன்று டாலி பிறந்தது. இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் ஆகியோரின் குழு அதைச் செய்தது. உலகுக்கு விஷயம் தெரிந்தது 1997 பிப்ரவரியில். முறையின் பெயர் உடல செல் உட்கரு மாற்றம். அது இப்படி நடந்தது:

1. ஆறு வயதான ஃபின் டார்செட் இனப் பெட்டையாட்டின் மடியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள்.

2. அந்தச் செல்களுக்குக் கொடுக்கும் ஊட்டத்தைப் பல நாட்கள் வெகுவாகக் குறைத்தார்கள். பட்டினியில் செல் பிரிவதை நிறுத்தி ஓய்வு நிலைக்குப் போகும். முட்டையும் உட்கருவும் ஒரே தாளத்துக்கு வர இது உதவியது. கேம்ப்பெல்லின் முக்கியமான பங்களிப்பு இதுதான். பெரும்பாலான திட்ட நோட்டுகளில் விட்டுப்போவதும் இதுதான்.

3. ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் என்ற கறுப்பு முக ஆட்டின் முட்டையிலிருந்து உட்கரு டிஎன்ஏவை நீக்கினார்கள்.

4. வெற்று முட்டையின் பக்கத்தில் மடிச் செல்லை வைத்து, மின் துடிப்பு கொடுத்து இரண்டையும் இணைத்தார்கள். அதே துடிப்பு முட்டையைப் பிரியத் தூண்டியது.

5. வளர்ந்த கருக்களை வாடகைத் தாய் ஆடுகளுக்குள் வைத்தார்கள். அவையும் கறுப்பு முக ஆடுகள்.

பிறந்த குட்டிக்கு வெள்ளை முகம். முட்டை தந்ததும் சுமந்ததும் கறுப்பு முக ஆடுகள் என்பதால், உட்கரு எங்கிருந்து வந்தது என்பதைக் குட்டியின் முகமே காட்டியது. பிறகு டிஎன்ஏ சோதனையும் அதை உறுதி செய்தது.

டாலியைப் பற்றி அடிக்கடி தவறாக எழுதப்படும் எண் 277. "277 ஆடுகளைச் சினையாக்கி ஒன்று பிழைத்தது" என்று பல இடங்களில் படிக்கலாம். 277 என்பது உட்கரு மாற்றி இணைத்த முட்டைகளின் எண்ணிக்கை. அவற்றில் 29 மட்டுமே கருப்பைக்குள் வைக்கும் அளவுக்கு வளர்ந்தன. அவற்றை 13 ஆடுகளுக்குள் வைத்தார்கள். ஒரு குட்டி பிறந்தது. முட்டையைக் கணக்கில் கொண்டால் வெற்றி 0.36 சதவீதம், கருவைக் கொண்டால் 3.4, வாடகைத் தாயைக் கொண்டால் 7.7. ஒரே பரிசோதனையிலிருந்து மூன்று சதவீதங்கள் வருகின்றன. எதை எதால் வகுத்தோம் என்று எழுதாத சதவீதத்துக்கு ஆய்வுத் திட்டத்தில் மதிப்பே இல்லை.

இன்னொரு திருத்தம்: டாலி முதல் குளோன் விலங்கு என்று சொல்வது பிழை. அதற்கு முந்தைய ஆண்டே, 1995-ல், அதே நிறுவனத்தில் மேகன், மோராக் என்ற இரு ஆடுகள் கருச் செல்களிலிருந்து குளோன் செய்யப்பட்டிருந்தன. வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து பிறந்த முதல் பாலூட்டி என்பதே டாலியின் சிறப்பு.

நகல் ஏன் அச்சாக இருப்பதில்லை

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பெயர் சிசி. செல் கொடுத்த பூனை ரெயின்போ, கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை. சிசிக்கு ஆரஞ்சு நிறமே இல்லை.

காரணம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று, கரு வளரும் ஆரம்பத்தில் மூடப்பட்டுவிடும். எது மூடும் என்பது செல்லுக்குச் செல் மாறும். மூவண்ணப் பூனையின் ஒரு எக்ஸில் ஆரஞ்சு வடிவமும் மற்றதில் ஆரஞ்சு அல்லாத வடிவமும் இருப்பதால் உடலில் திட்டுத்திட்டாக இரண்டு நிறமும் வரும். குளோனிங்குக்கு எடுத்தது ஒரே ஒரு செல். அந்தச் செல்லில் ஆரஞ்சு வடிவம் இருந்த எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது. முட்டைக்குள் போன பிறகும் அந்தப் பூட்டு திறக்கவில்லை. டிஎன்ஏ அதேதான், ஆனால் பூனையின் தோற்றம் மாறிவிட்டது. இறந்த செல்லப் பிராணியைத் திருப்பித் தருவதாகப் பணம் வாங்கும் வணிகக் குளோனிங் எதைத் தர முடியாது என்பதற்கு சிசியை விடத் தெளிவான சான்று கிடையாது.

இதோடு மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டாலியின் மைட்டோகாண்ட்ரியா, முட்டை தந்த கறுப்பு முக ஆட்டினுடையது. கருப்பைச் சூழல், தீனி, வளர்ப்பு எல்லாம் வேறு. குளோன் என்பது வேறு காலத்தில் பிறந்த இரட்டை. அதுவும் குட்டியாகவே பிறக்கும், வளர ஆண்டுகள் பிடிக்கும்.

இத்தனை தோல்வி ஏன்

இயல்பாகக் கருத்தரிக்கும்போது விந்தும் முட்டையும் அதற்கென்றே தயாரான நிலையில் வருகின்றன. மடியிலோ தோலிலோ பல ஆண்டுகள் வேலை செய்த உட்கருவுக்கு அந்தத் தயாரிப்பு இல்லை. பழைய குறிகளை அழித்துப் புதியவற்றை எழுத முட்டைக்குக் கிடைப்பது மிகக் குறைந்த அவகாசம். பெரும்பாலும் வேலை அரைகுறையாக முடிகிறது. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்ற ஒழுங்கு குலைகிறது. சில கருக்கள் ஒட்டாமலே போகின்றன. சில பாதியில் கலைகின்றன. பிறப்பவற்றில் சில அளவுக்கு மீறிப் பெருத்து, நஞ்சுக்கொடியும் நுரையீரலும் சரியாக உருவாகாமல் பிறக்கின்றன.

2005-ல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்னப்பி என்ற நாய்க்குட்டி பிறக்க, 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்குள் வைத்தார்கள். இரண்டு குட்டிகள் பிறந்தன, ஒன்றுதான் நிலைத்தது. பிழைத்த ஒற்றைக் குட்டியின் படம் உலகம் சுற்றியது; 123 தாய் நாய்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. குளோனிங்கின் அறவியலை எழுதும் மாணவர்கள் "மனிதனைக் குளோன் செய்யலாமா" என்ற கேள்விக்கே பக்கங்களைச் செலவிடுகிறார்கள். நடந்து முடிந்த, எண்ணிக்கையோடு பதிவான அறக் கேள்வி இந்த வாடகைத் தாய்களுடையது என்பதே என் கருத்து. பண்ணை விலங்குக் குளோனிங்குக்குத் தடை கோரி ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015-ல் வாக்களித்ததற்கும் விலங்கு நலன்தான் முக்கியக் காரணம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-லேயே குளோன் செய்த மாடு, பன்றி, வெள்ளாட்டின் பாலும் இறைச்சியும் வழக்கமானவற்றைப் போலவே பாதுகாப்பானவை என்று சொல்லிவிட்டது. சாப்பிடலாமா என்ற கேள்வியும் அந்த விலங்கு படும் பாடும் தனித்தனி விஷயங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது.

டாலி 2003 பிப்ரவரி 14 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. வயது ஆறரை. "குளோன் என்பதால் சீக்கிரம் மூப்படைந்து இறந்தது" என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு வந்தது, செம்மறி ஆடுகளிடையே வைரசால் பரவும் நுரையீரல் புற்றுக்கட்டி. டாலி பிறந்த அதே மடிச் செல் தொகுப்பிலிருந்து பின்னர் உருவான நான்கு ஆடுகள் உட்பட, குளோன் ஆடுகள் பலவற்றை நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு பரிசோதித்தது. அவை வயதுக்கேற்ற நலத்துடன்தான் இருக்கின்றன என்று 2016-ல் அக்குழு அறிவித்தது. சிரமமெல்லாம் கருவிலும் பிறந்த புதிதிலும்தான். அதைத் தாண்டிய குளோன்கள் பெரும்பாலும் நன்றாகவே வாழ்கின்றன.

மரபுப் பொறியியல்: தகவலையே மாற்றுவது

இங்கே நோக்கமே வேறு. ஒரு உயிரியின் டிஎன்ஏவில் புதிதாக ஒரு மரபணுவைச் சேர்ப்பது, இருப்பதை முடக்குவது, சில எழுத்துகளை (வரிசையாக அமைந்த வேதி அலகுகளை) திருத்துவது ஆகியவையே மரபுப் பொறியியல். வேறு உயிரியின் மரபணுவை ஏற்ற விலங்கை டிரான்ஸ்ஜெனிக் விலங்கு என்கிறார்கள்.

1973-ல் ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் போயர் இருவரும் வெட்டி ஒட்டிய டிஎன்ஏவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி அங்கேயே பெருக வைத்தார்கள். 1978-ல் மனித இன்சுலின் மரபணு ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் போனது. 1982-ல் அந்த இன்சுலின் மருந்தாக அனுமதி பெற்றது. அதுவரை நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை.

விலங்குகளில் முதலில் கையாண்ட வழி, புதிதாகக் கருவுற்ற முட்டைக்குள் நுண் ஊசியால் டிஎன்ஏவைச் செலுத்துவது. 1982-ல் பெரிய எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை இப்படிச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது, கூடப் பிறந்தவற்றை விட மிகப் பெரிய சுண்டெலிகள் வளர்ந்தன. ஆனால் செலுத்தும் டிஎன்ஏ எந்தக் குரோமோசோமில் எங்கே போய் ஒட்டும், ஒட்டுமா என்றே சொல்ல முடியாது. எலியில் நூறு முறை முயலலாம். மாட்டில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு சினைக்காலம் போய்விடும்.

மீனில் இந்த வேலை எளிது, ஏனென்றால் முட்டை வெளியே கருவுறுகிறது. அமெரிக்கா 2015-ல் உணவுக்கு அனுமதித்த சால்மன் மீனில், ஷினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணு இருக்கிறது. வேறொரு குளிர்கடல் மீனிலிருந்து எடுத்த 'தூண்டி' டிஎன்ஏ அந்த மரபணுவை ஆண்டு முழுதும் இயங்க வைக்கும். சந்தை அளவுக்கு வளர ஏறத்தாழ மூன்று ஆண்டு எடுக்கும் மீன் ஒன்றரை ஆண்டிலேயே வளர்ந்தது. ஆனாலும் வணிகத்தில் அது நிலைக்கவில்லை. 2024 இறுதியில் அதை உருவாக்கிய நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்தியது. நம் ஊர்த் தொடர்பும் இதில் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியன் குழு, ரோகு கெண்டைக்கு ரோகுவின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் மரபணுவையே கூடுதலாகக் கொடுத்து, வேகமாக வளரும் மீன்களை உருவாக்கி 2004-ல் முடிவுகளை வெளியிட்டது. மரபுப் பொறியியல் என்றாலே வேற்று உயிரியின் மரபணு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எதிர் உதாரணம்.

2012-ல் ஜெனிஃபர் டவுட்னா, எம்மானுவேல் ஷார்பென்டியே இருவரும் விவரித்த கிரிஸ்பர் முறை, இடம் பார்த்து வெட்டும் வசதியைத் தந்தது. 2020-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. வழிகாட்டி ஆர்என்ஏ ஒன்று டிஎன்ஏவில் குறிப்பிட்ட வரிசையைத் தேடிப் பிடிக்கும்; கேஸ்-9 என்ற நொதி அங்கே வெட்டும்; வெட்டை மூடும்போது செல்லே மாற்றத்தை ஏற்படுத்திக்கொள்ளும்.

இரண்டும் சேரும் இடம்

ரோஸ்லின் விஞ்ஞானிகள் ஆட்டின் நகல் வேண்டும் என்பதற்காக டாலியை உருவாக்கவில்லை. ஆட்டுப்பாலில் மனித மருந்துப் புரதம் சுரக்க வேண்டும் என்பதே இலக்கு. கருவுக்குள் குருட்டாம்போக்கில் டிஎன்ஏவைச் செலுத்துவதை விட, ஆய்வகத் தட்டில் ஆயிரக்கணக்கான செல்களை மாற்றி, சரியாக மாறிய ஒரு செல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து முழு விலங்கை எடுத்தால் வேலை சுலபம். தட்டில் இருக்கும் செல்லை விலங்காக்கக் குளோனிங் தேவைப்பட்டது. டாலி பிறந்த மறு ஆண்டே, 1997-ல், பாலி பிறந்தது. ரத்தம் உறைய உதவும் 'காரணி 9' என்ற மனிதப் புரதத்தின் மரபணுவைத் தாங்கிய குளோன் ஆடு அது. ஹீமோஃபீலியா பி நோயாளிகளிடம் குறைவாக இருப்பது இந்தப் புரதம்தான். டாலியை அறிந்த அளவுக்கு பாலியை யாருக்கும் தெரியாது. இரண்டு தொழில்நுட்பமும் கைகோத்த விலங்கு பாலிதான்.

அன்று தொடங்கிய வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது: செல்லில் மாற்று, சரிபார், குளோன் செய். மூன்று நிகழ்வுகளை இதை வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

பன்றி இதயம். 2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 57 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அந்தப் பன்றியில் பத்து மரபணு மாற்றங்கள்: பன்றியின் நான்கு மரபணுக்கள் முடக்கப்பட்டு, ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டிருந்தன. நம் உடல் உடனே நிராகரிக்கும் சர்க்கரை மூலக்கூறுகளை நீக்குவதும், இதயம் அளவுக்கு மீறி வளராமல் தடுப்பதும் அந்த நான்கை முடக்கியதன் நோக்கம். இவ்வளவையும் ஒரு செல்லில் செய்து, குளோனிங் மூலம் பன்றியாக்கினார்கள். நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். பன்றி வைரஸ் ஒன்று அந்த இதயத்தோடு வந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

கொம்பில்லாக் காளை. கறவை மாடுகளின் கொம்பைச் சுட்டு நீக்கும் வேதனையைத் தவிர்க்க, ஒரு அமெரிக்க நிறுவனம் செல்லில் மரபணுத் திருத்தம் செய்து, குளோனிங் மூலம் கொம்பு முளைக்காத காளைகளை உருவாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் 2019-ல் அந்தக் காளையின் ஜீனோமை மறுபடி படித்தபோது, திருத்தம் செய்யப் பயன்படுத்திய பாக்டீரியாவின் பிளாஸ்மிட் எனும் வட்ட டிஎன்ஏவும் உள்ளே ஒட்டியிருந்தது தெரிந்தது. அதில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் இருந்தன. காளையின் கன்றுகள் சிலவற்றுக்கும் அது இறங்கியிருந்தது. திருத்திய இடத்தை மட்டும் பார்த்தவர்களின் கண்ணில் இது படவில்லை. இடம் பார்த்து வெட்டும் முறை என்பதாலேயே எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

டயர் ஓநாய். இனி 2025 செய்திக்கு விடை சொல்லலாம்.

1. பழைய பல்லிலிருந்தும் மண்டை ஓட்டிலிருந்தும் டயர் ஓநாயின் டிஎன்ஏ வரிசையைப் படித்தார்கள். பழைய டிஎன்ஏ துண்டுதுண்டாகச் சிதைந்திருக்கும். அதை வைத்து நேரடியாகக் குளோன் செய்ய முடியாது. குளோனிங்குக்கு முழு உட்கரு வேண்டும்.

2. இன்று உயிரோடு இருக்கும் சாம்பல் ஓநாயின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களில், 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தினார்கள். இது மரபுப் பொறியியல்.

3. திருத்திய செல்லின் உட்கருவை நாயின் முட்டைக்குள் வைத்து, நாய்களின் கருப்பையில் வளர்த்தார்கள். இது குளோனிங்.

அந்த நிறுவனமே இரு இனங்களின் ஜீனோமும் 99.5 சதவீதம் ஒத்திருக்கிறது என்கிறது. ஓநாய் ஜீனோமில் சுமார் 240 கோடி எழுத்துகள். அரை சதவீதம் என்றால் 1.2 கோடி வேறுபாடுகள். திருத்தியது 20 இடங்களில். ஆகவே பிறந்தவை, டயர் ஓநாயின் சில தோற்றக் கூறுகளை ஏற்ற சாம்பல் ஓநாய்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாய்க்குடும்ப நிபுணர் குழுவும் அவை டயர் ஓநாய்கள் ஆகா என்றே சொன்னது. தொழில்நுட்பமாக இது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அழிந்த இனத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம் என்ற வாசகம்தான் தவறு.

அழிவின் விளிம்பில் குளோனிங் உதவுமா

நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் நாம் பார்க்கும் காட்டுமாடு, உள்ளூரில் காட்டெருமை என்று சொல்லப்படுவது, குளோன் செய்யப்பட்ட முதல் அருகிவரும் விலங்குகளில் ஒன்று. 2001 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவாவில் சாதாரணப் பசுவின் வயிற்றில் அது பிறந்தது. நோவா என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுப்போக்கால் இரண்டு நாளில் இறந்தது.

ஸ்பெயினின் பிரனீஸ் மலைக் காட்டாடு 2000-ல் கடைசி ஒன்றும் இறந்து அற்றுப்போனது. சேமித்து வைத்த செல்லிலிருந்து 2003-ல் ஒரு குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. பிழைத்திருந்தாலும் அது பெட்டைதான். இணை சேரக் கிடா எங்கே? ஒரே விலங்கின் நகல்களை வைத்து இனத்தை மீட்க முடியாது.

இதற்கு நேர்மாறான கதை, கீரி போன்ற சிறு விலங்கான அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட். குளோனிங்குக்கு முன்வரை உயிரோடு இருந்தவை எல்லாம் வெறும் ஏழு விலங்குகளின் வாரிசுகள். சந்ததி விடாமல் 1988-ல் இறந்த ஒரு பெட்டையின் செல்கள் சான் டியேகோ உறைவங்கியில் இருந்தன. 2020 டிசம்பரில் அதிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அதே செல்லின் இன்னொரு குளோனான அன்டோனியா 2024-ல் குட்டிகளை ஈன்றது. இழந்துவிட்ட மரபு வேற்றுமை மறுபடி உயிருள்ள கூட்டத்துக்குள் வந்திருக்கிறது. குளோனிங் பாதுகாப்புக்கு உதவ, இரண்டு நிபந்தனைகள்: செல் முன்கூட்டியே உறைநிலையில் இருக்க வேண்டும், இனம் இன்னும் அழியாமல் இருக்க வேண்டும்.

இந்தியாவின் கணக்கு

ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த வழி சிக்கனமானது. விலை உயர்ந்த நுண்கருவி இல்லாமல், நுண்ணோக்கியின் அடியில் கையாலேயே மெல்லிய பிளேடு கொண்டு முட்டையின் உட்கருப் பகுதியை வெட்டி எடுக்கும் முறை அது. முட்டைகளை, கசாப்புக்கூடத்தில் கிடைக்கும் எருமைச் சூலகங்களிலிருந்து எடுத்தார்கள். 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் எருமைக் கன்று சில நாட்களில் இறந்தது. அதே ஆண்டு ஜூனில் கரிமா பிறந்தது. 2010-ல் பிறந்த கரிமா-2, குளோனிங் இல்லாமல் வழக்கமான முறையில் கருத்தரித்து, 2013 ஜனவரியில் மஹிமா என்ற கன்றை ஈன்றது. 2012-ல் காஷ்மீரில் நூரி என்ற பஷ்மினா ஆடு பிறந்தது. 2023 மார்ச் 16 அன்று கர்னாலில் கங்கா என்ற கிர் இனக் கன்று 32 கிலோ எடையோடு பிறந்தது. உட்கரு கிர் பசுவினுடையது, முட்டை சாஹிவால் பசுவினுடையது, சுமந்தது கலப்பினப் பசு.

மஹிமாவைத் தவிர இவை அனைத்தும் குளோன்கள். ஒன்றிலும் மரபணு மாற்றம் கிடையாது. மரபணு மாற்றிய உயிரிகளுக்கு இந்தியாவில் 1989-ம் ஆண்டு விதிகள் பொருந்தும். உணவுக்கென்று மரபணு மாற்றிய விலங்கு எதற்கும் இங்கே அனுமதி இல்லை.

எதற்காக எருமையைக் குளோன் செய்கிறார்கள்? நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் போடும் சினை ஊசிதான் விடை. ஒரு நல்ல காளையின் உறைவிந்தைக் குச்சிகளில் அடைத்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்கும், எருமைக் கடாவினுடையதை எருமைகளுக்கும் போடுகிறோம். காளை இறந்தால் புதிய வரத்து நின்றுவிடும். அதன் தோல் செல் கையில் இருந்தால் அதே மரபோடு இன்னொரு காளையை உருவாக்கலாம். நன்மை புரிகிறது. ஆனால் ஊரெல்லாம் ஒரே காளையின் வாரிசுகள் பெருகினால் மரபு வேற்றுமை குறையும். சினை ஊசியிலேயே இருக்கும் இந்தச் சிக்கலைக் குளோனிங் பெரிதாக்கும்.

திட்டத்தில் எதை எழுதலாம்

எந்தச் செய்தியை எடுத்தாலும் இந்த ஐந்தையும் ஒரு அட்டவணையில் நிரப்பினால், அது குளோனிங்கா, மாற்றமா, இரண்டுமா என்று தானாகவே தெரிந்துவிடும்:

1. உட்கரு டிஎன்ஏ எந்த விலங்குடையது?
2. முட்டை எந்த விலங்குடையது, சுமந்தது எது?
3. டிஎன்ஏவில் எதை மாற்றினார்கள், எத்தனை இடத்தில்? மாற்றாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும்.
4. எத்தனை முட்டை, எத்தனை கரு, எத்தனை தாய், எத்தனை பிறப்பு, எத்தனை பிழைப்பு?
5. சொன்னது யார்? ஆய்விதழா, விற்பனை செய்யும் நிறுவனமா, செய்தித்தாளா?

டாலி, சிசி, பாலி, கங்கா, டயர் ஓநாய் ஆகிய ஐந்தையும் இந்த அட்டவணையில் போட்டாலே நல்ல திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்குக் களவேலை செய்யலாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், ஒரு மாதத்தில் எத்தனை மாடுகளுக்குச் சினை ஊசி போட்டார்கள், அவற்றில் எத்தனைக்குச் சினை பிடித்தது, பிடிக்காதவற்றுக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சினைப் பரிசோதனை ஊசி போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்தே செய்வார்கள், அதனால் பழைய மாதத்தின் பதிவேட்டைக் கேட்க வேண்டும். அந்த எண்ணை டாலியின் 277, 29, 13, 1 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்து, எதை எதால் வகுத்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள்.